ஆபரேட்டர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பாதீர்கள்

காலையில் வேலைக்கு முன் நடக்கிற பாதுகாப்புக் கூட்டம், டூல்பாக்ஸ் மீட்டிங், முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறோம். "மெஷின் பக்கத்துல போகாதே" என்று தினமும்தான் சொல்கிறார்கள், ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், ஏன் என்று நிதானமாகச் சொல்ல அங்கே நேரம் இருப்பதில்லை. சிங்கப்பூரில் பதினாறு வருடமாக மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் மெஷின் ஓட்டுகிறேன். கீழே வேலை பார்க்கிற தம்பிகளுக்காகவும், புதிதாக லீவர் பிடித்திருக்கிற ஆபரேட்டர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம் சைட்டில் அதிகம் பார்க்கிற 20 டன் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பாகம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 5 வினாடி. லாரியில் மண் கொட்ட நான் திருப்புவது பெரும்பாலும் கால் சுற்று, அரைச் சுற்றுதான், ஆகவே கீழே விழுந்த கையுறையைக் குனிந்து எடுத்து நீங்கள் நிமிர்வதற்குள், மெஷின் கவிழாமல் இருக்கப் பின்பக்கம் வைத்திருக்கிற எடைக்கட்டி, அதாவது கவுண்டர்வெயிட், உங்கள் இடத்துக்கு வந்துவிடும். எல்லாரும் பக்கெட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பக்கெட் என் கண் முன்னால் இருக்கிறது. எனக்குப் பயம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அந்த இரும்புக் கட்டி மேல்தான், மெஷினின் நடுவிலிருந்து 2.75 மீட்டர் அளவுக்கு, செயினையும் தாண்டி வெளியே வீசும் அது.

அப்புறம் வலது பக்கம். கேபின் இடது ஓரத்தில் இருக்கிறது, பக்கெட்டைத் தாங்குகிற பெரிய கை, பூம், என் வலது தோளை ஒட்டி நிற்கிறது. பூம் இருக்கும் உயரத்தைப் பொறுத்து அந்தப் பக்கம் நிற்கிற ஆள் முழுசாக மறைந்துபோவான். இப்போது கேமரா வந்துவிட்டதே என்பார்கள். கேமரா நல்லதுதான், ஆனால் மதியம் ஒரு மழை பெய்து லென்ஸில் சேறு அடித்துவிட்டால் அந்தத் திரையில் என்ன தெரியும்?

சில வருடத்துக்கு முன் மேற்குப் பக்கம் ஒரு சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஷீட் பைல், அதாவது மண் சரியாமல் தடுக்க அடித்த இரும்புத் தகட்டுச் சுவர், ஓரமாக மெஷினை நிறுத்தித் தோண்டிக்கொண்டிருந்தேன், லாரிகள் வரிசையில் காத்திருந்தன, சீக்கிரம் சீக்கிரம் என்று காலையிலிருந்தே விரட்டல். கவுண்டர்வெயிட்டுக்கும் ஷீட் பைலுக்கும் நடுவில் தடுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், நாளைக்கு வரும் என்றார்கள். ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகாத பையன் ஒருவன், மடங்கிக் கிடந்த பம்ப் ஹோஸை நிமிர்த்திவிட அந்தச் சந்துக்குள் போயிருக்கிறான். சிக்னல்மேன் விசில் ஊதினார், நான் இரண்டு லீவரையும் விட்டுவிட்டேன், மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் கவுண்டர்வெயிட்டில் காய்ந்திருந்த களிமண்ணில் ஒரு தடம், அவன் போட்டிருந்த வெஸ்ட் உரசிய தடம். அவனுக்கும் ஷீட் பைலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வாய் திறக்க முடியாமல் நின்றவன் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அண்ணே, கண்ணாடியில உங்க முகம் தெரிஞ்சது. நீங்களும் என்னைப் பார்த்துட்டீங்கன்னு நினைச்சேன்."

நான் லாரி டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தங்கும் விடுதியில், டார்மில், எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் என் மெஷினுக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்றால் இதுதான் முறை. தூரத்தில், எனக்கு முன்னால் இடது பக்கமாக நின்று கையைத் தூக்குங்கள். நான் பக்கெட்டைத் தரையில் வைப்பேன், சேஃப்டி லீவரை லாக்கில் போடுவேன், இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். இந்த மூன்றும் நடந்த பிறகு வாருங்கள். அவசரமாக இருந்தாலும் சரி, பாஸ் கத்தினாலும் சரி. சிக்னல்மேன் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள், நேராக என்னிடம் வராதீர்கள்.

ஆபரேட்டர் தம்பிகளே, சேஃப்டி லீவரைச் சும்மா நினைக்காதீர்கள். லாரி டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்போம், அந்த நேரம் சட்டைக் கையோ வாக்கிடாக்கி ஒயரோ ஜாய்ஸ்டிக்கில் மாட்டினால் போதும், மெஷின் திரும்பிவிடும். லாக் போட்டிருந்தால் நீங்கள் லீவரை இடித்தாலும் அது அசையாது. சீட்டைவிட்டு உடம்பு நகர்கிறது என்றால் கை முதலில் லாக்குக்குப் போகவேண்டும். செயினை ஓட்டுகிற பல் சக்கரம், ஸ்ப்ராக்கெட், எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் நகர்த்தும் முன் பாருங்கள். மேல்பாகம் பின்பக்கமாகத் திரும்பி, ஸ்ப்ராக்கெட் உங்களுக்கு முன்னால் வந்திருந்தால் மெஷினை நகர்த்துகிற டிராவல் லீவர் தலைகீழாக வேலை செய்யும், முன்னால் தள்ளினால் மெஷின் பின்னால் போகும். அனுபவம் உள்ளவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

மண்ணுக்குள் இருப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாததுதான். உரிமம் பெற்ற கேபிள் டிடெக்ஷன் ஆள் வந்து பார்த்து, கையால் டிரையல் ஹோல் என்கிற சோதனைக் குழி தோண்டி, கேபிள் எங்கே போகிறது என்று காட்டும் வரை பக்கெட்டை இறக்காதீர்கள், வரைபடத்தில் இல்லை என்று யார் சொன்னாலும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் ஒரு கட்டுமானத் தளத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து 100 கிலோ குண்டு கிடைத்தது நினைவிருக்கும். நகர்த்துவது ஆபத்து என்று அங்கேயே வெடிக்க வைத்தார்கள், சுற்றுவட்டாரத்தில் 4,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பக்கெட் பல்லில் படுகிற சத்தம் மாறினால், துருப்பிடித்த உருண்டையான இரும்பு எதுவும் தெரிந்தால், இன்னொரு தடவை கிளறிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அப்படியே நிறுத்திச் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் என் கேங்கில் புது ஆள் வந்தால் முதல் நாளே எஞ்சினை அணைத்து, சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவனை என் சீட்டில் உட்கார வைக்கிறேன். நான் கீழே இறங்கி மஞ்சள் ஹெல்மெட்டோடு மெஷினை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நடப்பேன், என்னைப் பார்க்க முடிகிற வரைக்கும் அவன் "தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். முன்பக்கம் சத்தமாகச் சொல்வான். பூமைத் தாண்டி வலது பக்கம் போனதும் சத்தம் நின்றுவிடும். கவுண்டர்வெயிட்டுக்குப் பின்னால் நான் நிற்கும்போது மேலிருந்து கேட்பான்: "அண்ணே, எங்க இருக்கீங்க?"