கப்பல் எந்த வருடம் கட்டியது என்று கேட்பதை நிறுத்துங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கும். லண்டன், பாரிஸ், சென்னை என்று பல ஊர்களிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்கள் ஃபெர்ரியின் பெயரை அனுப்பிவைத்து, “இது எந்த வருடம் கட்டியது? நம்பி ஏறலாமா?” என்று கேட்பார்கள். பயணிகள் கப்பல்களைச் சோதிக்கும் சர்வேயர் வேலையில் இருப்பவனிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. பொறுமையாகப் பதில் சொல்லியும் வந்தேன்.

இந்த முறை வந்த செய்தியோடு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஒரு தீவுக்குப் போன குடும்பம் அது. குழந்தை தூங்குகிறது, எழுப்ப மனம் வரவில்லை என்று, பணியாளர்களின் கண்ணில் படாமல் வாகனத் தளத்தில் காருக்குள்ளேயே மொத்தப் பயணத்தையும் முடித்திருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றதற்கு அந்தத் தந்தை சொன்னது: “கப்பல் புதியதுதானே, சார்.”

கட்டிய வருடத்தைப் பார்த்துவிட்டால் பாதுகாப்பைப் பார்த்தாகிவிட்டது என்ற இந்த நினைப்பை எப்படியாவது உடைக்க வேண்டும். அதற்கு டிபால்டோஸ் என்ற கிரேக்க நிறுவனத்தின் கப்பல்களைப் பற்றிச் சொன்னாலே போதும்.

இரண்டாம் உலகப் போர் கிரேக்கத்தின் கப்பல்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய்விட்டது. தீவுகளோ கப்பல் இல்லாமல் வாழ முடியாதவை. புதிதாகக் கட்டப் பணம் இல்லை. டிபால்டோஸ் சகோதரர்கள் 1949-இல் கனடியன் பசிபிக் நிறுவனத்திடமிருந்து மூன்று பழைய கப்பல்களை வாங்கினார்கள். பிரின்செஸ் சார்லட் 1908-இலும், பிரின்செஸ் அடிலெய்ட் 1910-இலும், பிரின்செஸ் ஆலிஸ் 1911-இலும் கட்டப்பட்டவை. கனடாவின் மேற்குக் கரையில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்தவை. மெடிட்டரேனியன், ஆஞ்சலிகா, ஏகேயன் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு ஏஜியன் கடலில் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஐம்பது வயதைக் கடந்தும் ஓடின. அவற்றில் ஒன்றுகூடப் பயணிகளோடு மூழ்கவில்லை.

மூழ்கியது அவற்றைவிட மிகவும் இளைய கப்பல். 1949-இல் கிளாஸ்கோவின் ஃபேர்ஃபீல்ட் தளத்தில் பிபி லைன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட லெஸ்டர்ஷயர். இங்கிலாந்திலிருந்து கொழும்பு வழியாக ரங்கூனுக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றிச் சென்ற, நல்ல உறுதியான கப்பல். 1964-இல் டிபால்டோஸ் அதை வாங்கி, லாரிகளும் கார்களும் உள்ளே ஓடிவந்து நிற்கும் ஃபெர்ரியாக மாற்றி, ஹெராக்ளியன் என்று பெயர் வைத்தது. வாகனங்கள் ஏற வேண்டுமென்றால் கப்பலின் பக்கவாட்டில் பெரிய கதவு வேண்டும். கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் அது வெட்டப்பட்டது. என்னைப் போன்றவர்கள் ஒரு கப்பலின் ஆவணத்தைத் திறந்ததும் பிறந்த தேதியைத் தாண்டிப் போய், எப்போது எங்கே வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள் என்று தேடுவது இதற்காகத்தான்.

1966 டிசம்பர் 7 இரவு, கிரீட் தீவின் சூடா துறைமுகத்திலிருந்து பிரேயஸுக்கு அது கிளம்பியது. கடலில் பெருங்காற்று. ஆரஞ்சு ஏற்றிய குளிர்பதன லாரி ஒன்று தாமதமாக வந்தது. அதற்காகக் கப்பல் காத்திருந்தது. அந்த லாரியைப் பக்கக் கதவுக்கு அருகே நிறுத்தினார்கள். சரியாகக் கட்டவில்லை. நடுக்கடலில் கப்பல் இருபுறமும் சாய்ந்தாடத் தொடங்கியதும் லாரி அவிழ்ந்து, கதவில் மோதி மோதி அதைத் திறந்துவிட்டது. வாகனத் தளத்தில் தண்ணீர் புகுந்த பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. அபாய அழைப்பு டிசம்பர் 8 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் வந்தது. சிறிது நேரத்தில், ஃபல்கொனேரா என்ற ஆளில்லாத் தீவுக்கு அருகே, கப்பல் மூழ்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

அப்போது அதன் வயது 17.

விசாரணை கப்பலின் வயதைக் குற்றம் சொல்லவில்லை. கப்பலைக் கைவிடும் பயிற்சி நடத்தவில்லை, அபாய அழைப்பை அனுப்பத் தாமதித்தார்கள், மீட்பை ஒழுங்காக நடத்தவில்லை என்று நிறுவனத்தைத்தான் குற்றவாளி ஆக்கியது. உரிமையாளர்களில் ஒருவரான ஹராலம்போஸ் டிபால்டோஸும் பொது மேலாளரும் 1968-இல் சிறை சென்றார்கள். நிறுவனத்தின் 15 கப்பல்களைச் சோதித்ததில் 12 தேறவில்லை. டிபால்டோஸ் என்ற பெயரே கடலிலிருந்து மறைந்தது.

“அது அந்தக் காலம்” என்று உடனே சொல்வார்கள். சரி, 2000-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

ஹெராக்ளியன் விபத்தின் வலியில் கிரீட் மக்கள் இனி யாரையும் நம்ப வேண்டாம், நம் கப்பலை நாமே ஓட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். சாதாரண மக்களிடம் பங்கு திரட்டி 1967-இல் ஹன்யா நகரில் அனெக் நிறுவனமும், 1972-இல் ஹெராக்ளியன் நகரில் மினோவன் லைன்ஸும் தொடங்கப்பட்டன. கப்பல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. துக்கத்தை நிறுவனமாக மாற்றிய ஊர்கள் அதிகம் இல்லை. ஆனால் காலப்போக்கில் அதே மினோவன் லைன்ஸின் துணை நிறுவனமான மினோவன் ஃபிளையிங் டால்ஃபின்ஸ் சிறு நிறுவனங்களை ஒவ்வொன்றாக விழுங்கி ஏஜியன் தடங்களின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. அப்படி அதன் கைக்கு வந்த கப்பல்களில் ஒன்று எக்ஸ்பிரஸ் சமினா. 1966-இல், அதாவது ஹெராக்ளியன் மூழ்கிய அதே ஆண்டில், பிரான்சில் கோர்ஸ் என்ற பெயரில் பிறந்தது.

2000 செப்டம்பர் 26 இரவு, பாரோஸ் தீவை நெருங்கும்போது போர்ட்டெஸ் பாறைகளில் அது மோதியது. வரைபடத்தில் இருக்கும் பாறை. விளக்கு எரியும் பாறை. அதில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடனே பத்திரிகைகள் கப்பலின் 34 வயதைப் பிடித்துக்கொண்டன. துருப்பிடித்த கிழட்டுக் கப்பல் என்று எழுதின. எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். கிழட்டுக் கப்பல் தானாகப் போய்ப் பாறையில் மோதவில்லை. கப்பலை இயக்கும் மேல்தள அறையில், நாங்கள் பாலம் என்று சொல்லும் இடத்தில், கவனம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே இருந்த 11 நீர்புகாக் கதவுகளில் 9 திறந்து கிடந்தன. நீர்புகாக் கதவு என்பது கப்பலின் வயிற்றைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பது. ஓர் அறையில் தண்ணீர் நிறைந்தாலும் மற்ற அறைகள் கப்பலைத் தாங்கும். சமினாவில் இஞ்சின் அறையில் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் மின்சாரம் போனது. பிறகு அந்தக் கதவுகளைப் பாலத்திலிருந்து மூட வழியில்லை. 34 வயதுக் கப்பல் என்றாலும் கதவுகள் மூடியிருந்தால் ஆட்கள் இறங்க அவகாசம் கிடைத்திருக்கும். அன்றுதான் கட்டி முடித்த கப்பலாக இருந்தாலும், 9 கதவுகளைத் திறந்துபோட்டால் மூழ்கும்.

ஏன் திறந்து வைக்கிறார்கள்? சோம்பல்தான், வேறென்ன. சமையலறைக்கு மூட்டை தூக்க வேண்டும், இஞ்சின் அறைக்கு அடிக்கடி போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் யார் திறந்து மூடுவது? நான் சோதிக்கப் போகும் கப்பல்களில் முதலில் பார்ப்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைத்தான். அதன்மேல் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெயின்ட் காய்ந்து ரப்பர் கெட்டிப்பட்டால் தண்ணீரைத் தடுக்காது. கதவை முறையாக மூடித் திறந்து பராமரிக்கிற எவரும் அதன்மேல் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். பயணிகளுக்கு அதே பெயின்ட், “ஆகா, எவ்வளவு புதிதாக இருக்கிறது” என்று தெரியும். வாகனத் தளத்திலும் அப்படித்தான். லாரிகளைக் கட்டும் சங்கிலிகள் தேய்ந்து, கிரீஸ் படிந்து, அழுக்காக இருந்தால் எனக்கு நிம்மதி. மூலையில் புத்தம்புதிதாகக் குவிந்து கிடந்தால் அவற்றை யாரும் தொடுவதில்லை என்று பொருள்.

புதிய கப்பல் வேண்டும் என்கிறவர்களுக்கு நார்மன் அட்லாண்டிக். 2009-இல் இத்தாலியில் கட்டப்பட்டது. அனெக் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்துக் கிரேக்கத்தின் பாத்ராஸிலிருந்து இத்தாலியின் அங்கோனாவுக்கு ஓட்டியது. 2014 டிசம்பர் 28 அதிகாலை வாகனத் தளத்தில் தீப்பிடித்தது. அந்தத் தளத்தில் நெருக்கியடித்து நின்ற குளிர்பதன லாரிகளைப் பற்றி விசாரணையில் நிறையப் பேசினார்கள். ஒன்பது நாள் முன்புதான் பாத்ராஸில் நடந்த சோதனையில் தீத்தடுப்புக் கதவுகள் சரியாக இயங்கவில்லை என்று குறித்திருந்தார்கள். பலர் இறந்தார்கள், சிலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கப்பலின் வயது 5.

ஆக 17, 34, 5. இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்தக் கப்பலில் ஏறுவது என்று முடிவு செய்ய முடியுமானால் செய்துகொள்ளுங்கள். வீடு கட்டிய வருடத்தை விசாரித்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுப் படுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

வயதுக்கு அர்த்தமே இல்லை என்று சொல்லவரவில்லை. எஸ்டோனியா என்ற ஃபெர்ரி 1994-இல் 852 உயிர்களோடு பால்டிக் கடலில் மூழ்கிய பிறகு, வாகனத் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கவிழாமல் தாங்க வேண்டும் என்ற ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 1996-இல் வந்தது. அதற்குப் பின் வரையப்பட்ட கப்பல்கள் வடிவமைப்பிலேயே மேம்பட்டவை. ஆனால் தகடு தேய்கிறதா என்ற உங்கள் கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். மீயொலிக் கருவியை வைத்துத் தடிமனை அளக்கிறோம். தேய்ந்ததை வெட்டி எடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கச் சொல்கிறோம். பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். எங்களால் காவல் காக்க முடியாதது, நாங்கள் இறங்கிய பிறகு கதவை யார் மூடுகிறார்கள், சங்கிலியை யார் கட்டுகிறார்கள் என்பதை.

இனி உங்கள் பங்கு.

கப்பல் ஓடும்போது வாகனத் தளத்தில் இருக்காதீர்கள். குழந்தை தூங்கினால் தூக்கிக்கொண்டு மேலே போங்கள், அழட்டும், பரவாயில்லை. யூரோஃபெர்ரி ஒலிம்பியா 2022 பிப்ரவரியில் கோர்ஃபு தீவுக்கு அருகே தீப்பிடித்தபோது, அறை எடுக்காமல் லாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கும் ஓட்டுநர்களின் வழக்கம்தான் பேச்சாக இருந்தது. அந்தத் தளத்தில் புகை சூழ்ந்தால் படிக்கட்டைக் கண்ணால் தேட முடியாது. வண்டியை நிறுத்தியதும் கைப்பிரேக்கைப் போடுங்கள், கியரில் விடுங்கள், இஞ்சினை அணையுங்கள். கரை தெரிகிறது என்று முன்கூட்டியே இறங்கிப்போய் இஞ்சினை ஓடவிட்டு உட்காராதீர்கள். அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் ஐந்து நிமிடம்கூட நஷ்டமாகாது.

கரையிலிருந்து கப்பலுக்குள் ஏறும் சாய்தளத்தில் முண்டியடிக்காதீர்கள். 2023 செப்டம்பரில் பிரேயஸில், கிளம்பிக்கொண்டிருந்த ஃபெர்ரியில் ஓடி ஏறப்போன பயணி ஒருவரைப் பணியாளர்கள் தள்ளிவிட்டதில் அவர் கடலில் விழுந்து இறந்தார். தள்ளியவர்கள் செய்தது குற்றம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன், தூக்கத் தொடங்கிய சாய்தளத்தில் கால் வைக்காதீர்கள். அடுத்த கப்பல் வரும்.

உட்கார்ந்ததும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எந்தத் தளத்தில் கூட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். குழந்தைக்கான அளவு தனியாக இருக்கும். அது எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். இருக்கையிலிருந்து வெளித்தளத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். டிக்கெட்டை உண்மையான பெயரில் எடுங்கள். ஹெராக்ளியனில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே கடைசிவரை சர்ச்சையாக இருந்தது.

காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் காற்று 8-ஐ எட்டினால் கிரேக்கத் துறைமுக அதிகாரிகள் பொதுவாகக் கப்பல்களைக் கிளம்ப விடமாட்டார்கள். அப்போது டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம், “விமானம் போய்விடும், நஷ்டஈடு கொடு” என்று சண்டை போடும் நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தடைக்குப் பின்னால் 1966-இன் அந்த இரவு இருக்கிறது. கோடையில் மெல்தேமி காற்று நாள்கணக்கில் வீசும். தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானத்துக்கும் முன்பதிவு செய்யாதீர்கள். நடுவில் ஒரு நாள் ஏதென்ஸில் தங்குங்கள்.

தீத்தடுப்புக் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்து வைத்திருப்பதைக் கண்டாலோ, வெளியேறும் வழியில் பெட்டிகள் குவிந்திருந்தாலோ பணியாளரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் படம் எடுத்து வையுங்கள். கப்பலின் பெயர், தளம், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும் துறைமுகத்தில் கடலோரக் காவல்படையின் சீருடைக்காரர் பெரும்பாலும் கப்பல் வரும்போது கரையிலேயே நிற்பார். அவரிடம் கொடுங்கள். கிரேக்கக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 108; ஐரோப்பா முழுவதற்கும் 112. இரண்டையும் கிளம்பும் முன்பே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.