ட்ரை: முயற்சியா, தொடுகையா, ஊன்றலா?

2025 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தின் ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீக்கின் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே விகன் வாரியர்ஸ், தன் சொந்த மைதானத்தில், பக்கத்து ஊரான லீயின் லெப்பர்ட்ஸ் அணியிடம் 1-0 என்று தோற்றது. வழக்கமான 80 நிமிடங்கள் 0-0 என்று முடிந்தன. கூடுதல் நேரத்தில் கேரத் ஓ'பிரையன் அடித்த ஒரே ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விழவிட்டு, எழும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) ஆட்டத்தை முடித்துவைத்தது. இந்தச் செய்தியைத் தமிழில் எழுதிய ஒருவர், "80 நிமிடமும் இரு அணிகளும் ஒரு முயற்சிகூடச் செய்யவில்லை" என்று எழுதியிருந்தார்.

செய்யவில்லையாம்! பதின்மூன்று பதின்மூன்று பேர் பிப்ரவரிக் குளிரில் மோதி, விழுந்து, எழுந்து, மறுபடி மோதிய ஆட்டம் அது. படிக்கிறவருக்கு இரண்டு அணிகளும் கைகட்டி நின்றதுபோலத் தோன்றும். ஆங்கிலத்தின் 'ட்ரை' (try) என்ற ரக்பிச் சொல்லுக்கு ஈடாக வைக்கும் இந்த 'முயற்சி'யை இதற்கு முன்பும் பல இடங்களில் கண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியத்துக்குப் பிறகு பொறுக்க முடியவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அது ட்ரை. ரக்பியில் இரண்டு வகை: அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கில் அதற்கு 4 புள்ளிகள், பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் 5. அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கூடுதலாக 2 புள்ளிகள் எடுக்கலாம்.

'ட்ரை' என்ற சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சு. சலித்தெடுத்தல், பிரித்தெடுத்தல் என்பது ஆதிப் பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் சோதித்தல், முயலுதல் என்று விரிந்தது. ரக்பிக்குள் அது நுழைந்த கதைதான் முக்கியம். பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைப்பதற்குத் தொடக்கத்தில் புள்ளியே கிடையாது. வைத்தவருக்குக் கிடைத்தது கோலை நோக்கி உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டும். 1871-இல் எடின்பரோவில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் இங்கிலாந்தும் பந்தை வைத்தது, ஸ்காட்லாந்தும் வைத்தது. ஸ்காட்லாந்தின் ஓர் உதை கோலானது, அதனால் அது வென்றது. ஆக, 'முயற்சி' என்பது அன்றைக்கு உதையைக் குறித்த சொல். பந்தை வைத்த செயலுக்கு அது ஒட்டுப்பெயர். பின்னாளில் வைப்பதற்கே புள்ளி வந்து, உதையைவிட அதன் மதிப்பு கூடியும் போயிற்று. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. ஆங்கிலேயருக்கு அது பரம்பரைச் சொத்து, வைத்துக்கொள்ளட்டும். அந்த வரலாறு நமக்கு இல்லாதபோது அதன் எச்சத்தை மட்டும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

"பிரெஞ்சுக்காரர்களும் முயற்சி என்ற பொருள்படத்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்பார்கள். சொல்கிறார்கள். இத்தாலியர்களோ 'மேத்தா' என்கிறார்கள், அதாவது இலக்கு. ஜப்பானியர்கள் ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே வண்டியில் ஏறவில்லை. அதோடு, தமிழில் 'முயற்சி' என்பது முடிவு தெரியாத செயல். முயற்சி செய்தார் என்றால், கிடைத்ததா என்று அடுத்த கேள்வி தானாக எழும். புள்ளி விழுந்து, பலகையில் ஏறி, ஊரே கத்தி ஓய்ந்த ஒன்றுக்கு அந்தப் பெயரா? இதே ஆட்டத்தில் உண்மையான முயற்சிகளும் உண்டு. டிராப் கோலுக்கு உதைத்து, பந்து கம்பத்துக்கு வெளியே போனால் அது வீணான முயற்சி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் வாசகர் எதை எதிலிருந்து பிரிப்பார்?

விகன் ஆதரவாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2024-இல் உலகக் கிளப் பட்டம், சேலஞ்ச் கோப்பை, லீக் கேடயம், சூப்பர் லீக் பட்டம் என்று நான்கையும் வாரிக்கொண்ட அணி. அந்த அக்டோபரில் அரையிறுதியில் இதே லீயை 38-0 என்று துவைத்த அணி. நான்கே மாதத்தில் அதே எதிரியிடம் ஒற்றைப் புள்ளியில் தோல்வி. அதுவும் ஒரு காலத்தில் விகனுக்கே பயிற்சியாளராக இருந்த ஏட்ரியன் லாம் வளர்த்த அணியிடம். அந்த இரவில் ஆதரவாளர் எவரும் ஆறுதலுக்குச் சொல்லக்கூடியது, 'உழைப்பில் குறையில்லை, கோட்டைத்தான் தாண்ட முடியவில்லை' என்பது. இதை 'முயற்சி'க்காரரிடம் கொடுத்தால், "முயற்சியில் குறையில்லை, முயற்சிதான் இல்லை" என்று எழுதித் தருவார். பாவம், தோற்றவர்களின் புலம்பல்கூட உளறலாகிவிடும்.

இனி 'தொடுகை'. 'முயற்சி' பொருந்தாது என்று உணர்ந்த சிலர் இந்தச் சொல்லைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, தூய தமிழ், குறை சொல்ல என்ன இருக்கிறது என்கிறார்கள். நிறையவே இருக்கிறது. முதலாவது, இந்தச் சொல் அமெரிக்கக் கால்பந்தில் புள்ளி தரும் டச்டவுனைப் பார்த்து உருவானதாகத்தான் தோன்றுகிறது. அந்த ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டினாலே போதும், தரையைத் தொட வேண்டியதில்லை. தொடத் தேவையில்லாத ஆட்டத்திலிருந்து தொடுகையைக் கடன் வாங்கி, அழுத்தி வைக்க வேண்டிய ஆட்டத்துக்குச் சூட்டுகிறார்கள். இரண்டாவது, ரக்பியில் 'டச்' என்றால் பக்கவாட்டு எல்லைக்கு வெளியே. பந்து டச்சுக்குப் போனால் ஆட்டம் நிற்கும். நம் 'தொடுகை' நான்கு புள்ளியும் தரும், ஆட்டத்தை நிறுத்தவும் செய்யும் போலிருக்கிறது. மூன்றாவது, தொடுதல் என்றதும் தமிழ்க் காதுக்குக் கபடிதான் நினைவுக்கு வரும்: தொட்டுவிட்டுத் தப்பி ஓடி வருவது. ட்ரையில் ஓடி வருவது இல்லை, கிடந்து அழுத்துவதுதான் உண்டு.

நான்காவதும் ஒன்று உண்டு, அதுதான் என் கட்சியின் ஆணிவேர். கோட்டுக்கு அப்பால் போய் விழுந்த வீரரின் பந்துக்கு அடியில் தடுப்பாளர் தன் கையையோ உடலையோ கொடுத்துவிட்டால், பந்து தரையைச் சேராது, புள்ளியும் இல்லை. வீடியோ நடுவர் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதெல்லாம் இதற்காகத்தான். விதியின் சாரம் கீழ்நோக்கிய அழுத்தம். 'தொடுகை'யில் அந்த அழுத்தம் எங்கே?

ஊன்றல் என்று சொல்லிப் பாருங்கள். ஊன்றுதல் என்றால் நிலத்தில் அழுந்த வைத்தல். காலை ஊன்றுகிறோம், விதையை ஊன்றுகிறோம். விளையாட்டுக்கும் இது புதிதல்ல, கோலூன்றித் தாண்டுதலைப் பள்ளி மைதானத்திலேயே கேட்டிருக்கிறோம். "இடது மூலையில் பந்தை ஊன்றினார்", "விகன் ஓர் ஊன்றலும் பெறவில்லை", "ஊன்றவிடாமல் ஏந்திக்கொண்டார்கள்" என்று எழுதினால், ஆட்டமே பார்க்காதவருக்கும் காட்சி தெரிகிறது. (ஊன்றலுக்குப் பின் வருவது கோல், சேர்த்துச் சொன்னால் ஊன்றுகோல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.)

இலங்கைத் தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் 'ட்ரை வைத்தார்' என்று எழுதும் வழக்கு உண்டு. ரக்பியோடு பழகிய ஊர் அது. பெயரைக் கடன் வாங்கினாலும் வினையைத் தமிழாக 'வைத்தார்' என்று போட்டார்கள் பாருங்கள், அங்கே இருக்கிறது காது. 'ட்ரை'யை நான் பழிக்கமாட்டேன், 'முயற்சி'யைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. தமிழ்நாட்டில் மட்டும் அதற்கு ஒரு தொல்லை: இங்கே அந்த ஒலி சலவைக் கடைக்கும் உலர்ந்த திராட்சைக்கும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவுக்கும் காரணம், ஆட்டத்தைப் பார்க்காமல் அகராதியைப் பார்ப்பது. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் அந்த ஒரு பார்வையும் இல்லாமல் போயிற்று. டாக்கிள் 'சமாளிப்பு' ஆகிறது. எதிரியை இடுப்போடு கட்டித் தரையில் சாய்ப்பது சமாளிப்பா? குடும்பச் செலவைத்தான் சமாளிப்போம். கபடி கொடுத்த 'பிடி' கையருகே கிடக்கிறது. ரக்பி லீக்கில் ஓர் அணி தொடர்ந்து எத்தனை முறை பிடிபட்டாலும் பந்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் இருந்தது. 1960-களின் நடுவில் நான்கு பிடி என்று வரம்பு வந்தது, 1970-களின் தொடக்கத்தில் அது ஆறானது. ஆறாம் பிடி விழுந்தால் பந்து எதிரணிக்கு. அதனால்தான் ஐந்தாம் பிடி முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுகிறார்கள். இதை விளக்க 'பிடி' என்ற இரண்டெழுத்துச் சொல் போதுமானதாக இருக்கிறது.