தீ செய்த வேலையை இனி யார் செய்வது?

ஹொண்டுராஸ் நாட்டின் வடகரையில், லா செய்பா நகருக்குப் பின்னால் எழும் மலைச்சரிவுகளில், மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் ஆங்காங்கே புகை எழும். காட்டை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பலில் மக்காச்சோளத்தையும் ராஜ்மா இனத்தைச் சேர்ந்த சிவப்புப் பயறையும் ஊன்றும் குடும்பங்கள் வைக்கும் தீ அது. வெளியிலிருந்து வருபவர்கள், எங்கள் துறையினர் உட்பட, அதைக் கண்டதும் "இவர்களுக்கு மண்ணின் அருமை தெரியவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயிரையும் மரத்தையும் சேர்த்து வளர்க்கும் வேளாண் காட்டியலை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கூற்றை நான் ஏற்பதில்லை. தீ தமக்கு என்ன தருகிறது, எத்தனை பருவத்துக்குத் தருகிறது என்பதை அந்த உழவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

வெப்பமண்டல மழைக்காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை மிகுந்தது; சத்து மண்ணில் இருப்பதைவிட மரங்களிலும் மேலே கிடக்கும் இலைச்சருகிலும்தான் அதிகம். எரிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி சாம்பலாக மண்ணில் விழுகிறது, அமிலத்தன்மை தற்காலிகமாகக் குறைகிறது, களை விதைகள் கருகுகின்றன, ஒரு வெட்டுக்கத்தியும் தீப்பெட்டியும் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு நிலமும் திருத்தப்பட்டுவிடுகிறது. முதல் ஆண்டு விளைச்சல் நன்றாகவே இருக்கும். ஆனால் தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி எரியும்போதே காற்றில் கலந்துவிடுகிறது. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மழை சரிவில் அடித்துச் செல்கிறது, எஞ்சியதை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பயிருக்குக் கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் புல் மேலோங்க, குடும்பம் அடுத்த துண்டு காட்டை நோக்கி நகர்கிறது.

பதினைந்து, இருபது ஆண்டுகள் நிலத்தைத் தரிசாக விட முடிந்த காலத்தில் இம்முறை பெரிய கேடு செய்யவில்லை. கடலோரச் சமவெளி வாழைத் தோட்டங்களுக்கும் பின்னர் எண்ணெய்ப் பனைக்கும் போய்விட்ட நிலையில், சரிவுகளில் மக்கள் நெருக்கம் கூடி, தரிசுக் காலம் சில ஆண்டுகளாகச் சுருங்கியதே சிக்கலின் வேர்.

எனவே "எரிக்காதீர்கள்" என்று சொல்வதற்கு முன், தீ செய்துவந்த வேலையை வேறு எது செய்யும் என்பதற்கு நம்மிடம் விடை இருக்க வேண்டும். இதற்கான முயற்சிகளில் முக்கியமானது, மர வரிசைகளுக்கு இடையே பயிர் செய்யும் நிரல் பயிர் முறை. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் அதைச் சூபாபுல், கிளைரிசிடியா போன்ற மரங்களைக் கொண்டு வளர்த்தெடுத்தது. நல்ல மண்ணில் அது பயன் தந்தது. ஆனால் அமில மண்ணில் சூபாபுல் தேறவில்லை, அதோடு இம்மரங்களின் மெல்லிய இலைகள் சில வாரங்களிலேயே மக்கிவிட்டதால் களையை அடக்க, நிலத்தை மூடும் தழைப் போர்வையான மூடாக்கு எஞ்சவில்லை. 1980களின் பிற்பகுதியில் கோஸ்டாரிக்காவில் ஆய்வைத் தொடங்கிய மைக் ஹேண்ட்ஸ் என்ற பிரித்தானியச் சூழலியலாளர், மண் ஓய்ந்துபோவதற்கு மணிச்சத்து இழப்பே முதன்மைக் காரணம் என்ற முடிவுக்கு வந்து, இங்கா எடுலிஸ் என்ற மரத்தைத் தேர்ந்தார். ஹொண்டுராஸ் மக்கள் குவாமா என்றழைக்கும் இம்மரம் நம் வாகைக்கும் கொடுக்காய்ப்புளிக்கும் உறவு. அதன் காயைப் பிளந்தால் விதையைச் சுற்றி வெண்ணிறத்தில் இனிக்கும் சதை இருக்கும். அமில மண்ணைத் தாங்கும், காற்றின் தழைச்சத்தை வேரில் நிலைநிறுத்தும். அதன் தடித்த இலை மெதுவாகவே மக்கும். அந்த மூடாக்கின் அடியில், காட்டுத் தரையில் நடப்பதைப் போலவே, வேர்களும் வேர்ப்பூஞ்சைகளும் சத்தை மழைக்கு விட்டுவிடாமல் திரும்ப எடுத்துக்கொள்கின்றன.

செய்முறை எளிது. சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் சமமட்டக் கோட்டில் வரிசைக்கு வரிசை 4 மீட்டர், மரத்துக்கு மரம் அரை மீட்டர் விட்டு நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 5,000 கன்றுகள் பிடிக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கிளைகள் கூடி நிழல் மூடிவிடும். அந்த நிழலிலேயே புல் செத்துவிடும். பிறகு மார்பளவு உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். மிகவும் தாழ்த்தி வெட்டினால் மரம் பட்டுப்போகும். இதைச் சொல்லித் தருவதைவிட உடன் நின்று வெட்டிக் காட்டுவதே நல்லது. தடித்த கிளைகள் விறகாகும், இலைகள் நிலத்திலேயே கிடக்கும், அவற்றினூடே கூர்முனைக் கம்பால் குழியிட்டு மக்காச்சோளத்தை ஊன்றலாம். அறுவடைக்குப் பின் மரங்கள் மீண்டும் தழைக்க, அடுத்த ஆண்டு அதே நிலத்தில் இச்சுற்று தொடர்கிறது. தானியத்தோடு வெளியேறும் மணிச்சத்தை ஈடுசெய்ய ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் உரம் சிறிதளவு இட வேண்டியிருக்கும். இம்முறைக்கு வெளியிலிருந்து எதுவுமே தேவையில்லை என்று சொல்வோர் உழவரை ஏமாற்றுகிறார்கள்.

உண்மையான இடர் அந்த முதல் இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது. மரம் வளரும்வரை குடும்பம் எதை உண்ணும்? இந்தக் கேள்விக்கு விடையில்லாத திட்டத்தில் கன்றுகள் கால்நடைக்கும் களைக்கும் இரையாவதையே கண்டிருக்கிறேன். ஆகவே உண்ணும் மக்காச்சோளம் விளையும் நிலத்தை நாங்கள் கேட்பதில்லை. புல் மண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் அரை மன்சானா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான துண்டு போதும் என்கிறோம். மரம் தேறும்வரை அக்குடும்பம் வேறிடத்தில் எரித்துப் பயிரிடுவதையும் தடுப்பதில்லை. இது கொள்கைப் பிடிப்புள்ள சிலருக்குக் கசக்கலாம். ஆனால் பசித்த வீட்டில் மரம் நிற்காது. வீட்டுப் பெண்களிடம் பேசும்போது பேச்சு பெரும்பாலும் விறகிலிருந்தே தொடங்குகிறது. தொலைவில் போய்ச் சுமந்துவர வேண்டியது சொந்த நிலத்திலேயே ஆண்டுதோறும் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மண்வளக் கணக்கைவிட உடனடியாக விளங்குகிறது. மிளகு, மஞ்சள், கொக்கோ போன்ற பணப்பயிர்களையும் நிரல்களில் வளர்க்கலாம், ஆனால் மக்காச்சோளமும் பயறும் உறுதியான பிறகே.

குத்தகை நிலத்தில் இருப்பவருக்கு இம்முறையைப் பரிந்துரைக்க நான் தயங்குகிறேன். மண் தேறியதும் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டால், அக்குடும்பத்தின் உழைப்பு முழுவதும் அவருக்கே போய்ச் சேரும். எழுத்து வடிவில் நீண்டகால ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைக் கன்று கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எல்லா நிலத்துக்கும் குவாமாவே விடை என்பதும் இல்லை. அதே நாட்டின் தென்மேற்கில், நீண்ட வறட்சிக் காலம் கொண்ட லெம்பிரா மாநிலத்தில், கெசுங்குவால் என்ற முறை வேரூன்றியிருக்கிறது. தானாக முளைத்த மரங்களை வேரோடு அகற்றாமல் கவாத்து செய்து, வெட்டிய தழையை எரிக்காமல் பரப்பி, அதனூடே விதைக்கும் இம்முறையை ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் திட்டப் பணியாளர்கள் 1990களில் உள்ளூர் உழவர்களிடமிருந்தே கற்று, அவர்களோடு சேர்ந்து செம்மைப்படுத்தினார்கள். 1998இல் மிட்ச் சூறாவளி நாட்டையே புரட்டிப்போட்டபோது இந்நிலங்களில் மண்ணரிப்பு குறைவாக இருந்ததை அண்டை அயலார் நேரில் கண்டார்கள். எரிப்பதை உள்ளூர் அளவில் தடைசெய்யும் முடிவு அங்கே நிலைத்ததற்கு, மாற்று வழி ஏற்கெனவே கண்முன் இருந்தது ஒரு காரணம் என்று கருதுகிறேன். மாற்று இல்லாத இடத்தில் தடை விதித்தால், தீ இரவில் வைக்கப்படும்.

நிதி வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பல திட்டங்கள் மூன்று ஆண்டுகளில் முடிகின்றன. குவாமா நிரலில் முதல் மக்காச்சோளம் விளைவதோ மூன்றாம் ஆண்டில். பயன் தொடங்கும் பருவத்தில் ஊழியர்கள் ஊரைவிட்டுப் போய்விட, அறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது. இரண்டாம் முறை கவாத்து செய்த குடும்பங்கள் எத்தனை என்று எண்ணச் சொன்னால் எங்கள் வேலையின் தரம் தெரிந்துவிடும். விதைக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும்: குவாமா விதை காய்க்குள்ளேயே முளைவிடத் தொடங்கும், உலர்ந்தால் செத்துவிடும், சேமித்து வைக்க முடியாது. ஆண்டுதோறும் கவாத்து செய்யப்படும் மரங்களில் காய்ப்பையும் எதிர்பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு நிலத்தின் ஓரத்திலும் சில மரங்களை வெட்டாமல் வளரவிட்டால்தான், அடுத்த வீட்டார் கேட்டு வரும்போது கொடுக்க விதை இருக்கும்.