கூடுதல் வன்வட்டு: சொல் விளக்கம்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு கணினிக் கடையில் 'செகண்ட் ஹார்ட் டிஸ்க் வேண்டும்' என்று கேட்டால், புதியதா பழையதா என்ற கேள்வி எழ இடமுண்டு. நம் பேச்சு வழக்கில் 'செகண்ட்' என்பது ஒருவர் பயன்படுத்திக் கைமாறிய பொருளையும் குறிக்கிறது. வீட்டுக் கணினியில் கோப்புகளைச் சேமிக்க ஏற்கெனவே உள்ள வட்டை எடுக்காமல், அதனுடன் இன்னொன்றைச் சேர்ப்பதே இங்கு நாம் குறிக்க வேண்டிய பொருள். ஆகவே 'கூடுதல் வன்வட்டு' என்பதே ஐயத்துக்கு இடம் தராத தொடராகும்.

செட்டிநாட்டுக் குடும்பங்களில் இந்தத் தேவை பெருகியிருப்பதற்குக் காரணம் உண்டு. பர்மா, மலாயாக் காலத்துப் பேரேடுகள், ஓலையில் எழுதிய திருமண ஒப்பந்தங்களான இசைகுடிமானங்கள், பழைய கல்யாணப் படங்கள் ஆகியவற்றைப் பூச்சி அரிப்பதற்குள் ஸ்கேன் செய்து வைத்துவிட வேண்டும் என்ற அக்கறை நியாயமானது. ஆனால் ஓர் ஏ4 தாளை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) நுணுக்கத்தில், முழு வண்ணத்தில், சுருக்காமல் பதிந்தால், அந்த ஒரு பக்கமே ஏறத்தாழ 100 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பக்கம் கொண்ட பேரேடு ஒன்றுக்கே 100 ஜிகாபைட் வேண்டும் என்னும்போது, கணினியோடு வந்த வட்டு நிரம்பிப்போவதில் வியப்பில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட 305 ராமாக் என்ற கணினியில்தான் காந்த வட்டுச் சேமிப்பு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகளை அடுக்கிய அந்தப் பெரிய அமைப்பில் சுமார் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. மேலே சொன்ன பேரேட்டின் ஒரு பக்கத்தைக்கூட அதில் வைத்திருக்க முடியாது. அந்நாளில் அதற்கு 'ஹார்ட்' என்ற அடைமொழி தேவைப்படவில்லை. பிரித்துக் காட்ட வேண்டிய மென்மையான வட்டு எதுவும் அப்போது இல்லை. 1971இல் அதே நிறுவனம் வளையக்கூடிய 'ஃப்ளாப்பி' என்ற நெகிழ்வட்டைக் கொண்டுவந்த பிறகே, வளையாத பழைய வட்டைத் தனித்துச் சுட்டும் அடைமொழி இன்றியமையாததாயிற்று. எனவே 'ஹார்ட்' என்பது இங்கு கடினத்தையோ வலிமையையோ புகழும் சொல் அன்று. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ செய்து, காந்தப் பூச்சு இட்ட விறைப்பான வட்டு என்பதே அதன் பொருள்.

'டிஸ்க்' என்பதன் வேர் கிரேக்க மொழியின் 'திஸ்கோஸ்'. விளையாட்டில் வீசி எறியும் வட்டமான பொருளுக்கு அது பெயர். தமிழின் 'வட்டு' என்ற சொல்லும் விளையாட்டுக் காய்க்கு வழங்கிய பெயரே. 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்று தொடங்கும் 401ஆம் குறள், கட்டம் வகுக்காமல் வட்டை உருட்டி ஆடுவதைப் பேசுகிறது. வட்டம், வட்டில் என்பனவும் இந்தச் சொல்லின் உறவுகளே. ஆகவே 'வட்டு' கணினிக்காகச் செயற்கையாகப் புனைந்த சொல் அன்று. பொருளாலும் வரலாற்றாலும் 'டிஸ்க்' என்பதற்கு இதைவிட நெருக்கமான சொல்லைத் தேடுவது அரிது.

தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன: நிலைவட்டு, வன்தட்டு, வன்வட்டு. முதலாவது, ஐபிஎம் தன் தனியாள் கணினிகளில் பயன்படுத்திய 'ஃபிக்ஸ்டு டிஸ்க்' என்ற பெயரோடு பொருந்துவது. பழைய டாஸ் இயங்குதளத்தில் வட்டைப் பகுக்கும் கட்டளைக்கு 'எஃப்டிஸ்க்' என்று பெயர் இருந்ததும் அதனால்தான். கணினிக்குள் நிலையாகப் பொருத்திய வட்டுக்கு அது சரி. ஆனால் யுஎஸ்பி வடத்தில் இணைத்துப் பையில் எடுத்துச் செல்லும் வட்டை நிலைவட்டு என்பது முரண். அதைவிட முக்கியமாக, அதில் வைத்தது நிலைத்திருக்கும் என்ற தவறான நம்பிக்கையை அந்தப் பெயர் ஊட்டிவிடக்கூடும் என்பது என் கவலை. அடுத்து, வன்தட்டு. 'வன்' என்பதுடன் 'தொடர்' சேரும்போது 'வன்றொடர்' ஆவதுபோல, புணர்ச்சி விதிப்படி இது 'வன்றட்டு' ஆக வேண்டும். அவ்வாறு எவரும் எழுதுவதில்லை. வன்வட்டு என்பதிலோ எழுத்து எதுவும் திரிவதில்லை. நெகிழ்வட்டுக்கு இணையாகவும், வன்பொருள், மென்பொருள் என்ற சொற்களின் வரிசையிலும் அது இயல்பாக அமர்கிறது. எனவே வன்வட்டையே நான் பரிந்துரைப்பேன்.

'டிரைவ்' என்ற சொல்லையும் பிரித்தறிய வேண்டும். வட்டையும் அதைச் சுழற்றும் மோட்டாரையும் எழுதிப் படிக்கும் முனையையும் சேர்த்த முழுக் கருவி வட்டு இயக்ககம். சாதனத்தை இயங்குதளத்துக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளான 'டிரைவர்' என்பது இயக்கி. இரண்டையும் இயக்கி என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். அன்றாட வழக்கில் முழுக் கருவியையும் வன்வட்டு என்றே சொல்லிவிடலாம், அதில் பிழையில்லை.

எஸ்எஸ்டி என்பது வேறு. அதனுள் வட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. குறைகடத்திச் சில்லுகளே தகவலை ஏந்துகின்றன. 'எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்' என்ற தொடர் பொருளற்றது. திண்மநிலைச் சேமிப்பகம் என்பது அதற்குத் தகுந்த பெயர். இயங்குதளத்தைத் திண்மநிலைச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, அதிக இடம் கேட்கும் படங்களுக்கும் ஏடுகளுக்கும் கூடுதல் வன்வட்டு ஒன்றைப் பொருத்துவது வீட்டுக்கு ஏற்ற ஏற்பாடு. ஒரே விலைக்கு வன்வட்டில் கூடுதல் இடம் கிடைக்கும்.

பொருத்தும் வேலை எளிது. மின்வடத்தைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை நீக்கிய பின், 3.5 அங்குல வட்டை அதற்குரிய தட்டறையில் திருகாணிகளால் இறுக்க வேண்டும். பிறகு வட்டை இணைக்கும் முறையான 'சாட்டா'வின் 7 முனை கொண்ட தகவல் வடத்தைத் தாய்ப்பலகையிலும், 15 முனை கொண்ட மின்வடத்தை மின்வழங்கியிலிருந்தும் இணைக்க வேண்டும். முன்பு ஒரே நாடா வடத்தில் இரண்டு வட்டுகள் தொங்கிய காலத்தில், எது முதன்மை, எது துணை என்று வட்டிலுள்ள ஜம்பர் என்ற சிறு இணைப்பியை மாற்றிக் குறிக்க வேண்டியிருந்தது. சாட்டாவில் வட்டுக்கு ஒரு வடம் என்பதால் அந்தத் தொல்லை நீங்கியது.

இங்கு 'பார்ட்டிஷன்', அதாவது வட்டுப் பகிர்வு, என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். ஒரே வட்டைச் சி, டி என்று பிரித்தவர்கள் 'இரண்டு டிரைவ் இருக்கிறது' என்று நிம்மதியடைகிறார்கள். நகரத்தார் வீட்டில் மணமான மகனை வேறு வைக்கும்போது உலை தனியாகிறது, வளவும் கூரையும் ஒன்றாகவே இருக்கின்றன. வட்டுப் பகிர்வும் அத்தகையதே. எழுத்துகள் இரண்டானாலும் மோட்டார் ஒன்று. அது நின்றுபோனால் இரண்டு பகிர்வுகளும் சேர்ந்தே போகும். கூடுதல் வன்வட்டு என்பதோ தனி மனை. ஆனாலும் ஏடுகளின் படிகளைப் பழைய வட்டிலிருந்து அதற்கு நகர்த்திவிட்டால் பிரதி மறுபடியும் ஒன்றாகிவிடும். நகலெடுத்து இரண்டிலும் வைத்திருக்க வேண்டும்.

புதிய வட்டை இணைத்தவுடன் அது கோப்புகளின் திரையில் தோன்றாது. விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்தால், முதலில் வட்டைத் துவக்கச் சொல்லும். அங்கே பகிர்வுகளின் விவரத்தை வட்டில் பதிந்து வைக்கும் முறைகளில் ஜிபிடி முறையைத் தேர்வது நல்லது. பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தை எட்டாது. அதன்பின் பகிர்வை உருவாக்கி, விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்து, ஓர் எழுத்தை ஒதுக்கினால் வட்டு பயன்பாட்டுக்கு வரும். 'ஃபார்மட்' என்பதன் தமிழான 'வடிவமைத்தல்' மென்மையாக ஒலித்தாலும், ஏற்கெனவே தகவல் உள்ள வட்டில் அதைச் செய்தால் இருந்தவை கைநழுவும். ஆகையால் கட்டளை தரும் முன் வட்டின் கொள்ளளவைப் பார்த்து, அது புதிய வட்டுதான் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.