கோவா வாடினால் வேரைப் பாருங்கள்

தை, மாசிப் பனி விலகிப் பங்குனி மழை தொடங்குமுன் வீட்டுத்தோட்டத்தைத் தயார்செய்துவிட வேண்டும். நுவரெலியாப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கும் நான் இந்த நாட்களில் வீடுவீடாகச் சொல்வது, நாற்று வாங்க அவசரப்படாதீர்கள், முதலில் மண்ணைக் கவனியுங்கள் என்பதுதான்.

லயங்களைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் பழைய தேயிலை நிலம். தேயிலைக்குப் பிஎச் (மண்ணின் அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரையான அமில மண்தான் பிடிக்கும். கோவாவுக்கும் (முட்டைக்கோசு) பீட்ரூட்டுக்கும் 6க்கு மேல் வேண்டும். இந்த இடைவெளியை எத்தனை மூட்டை உரம் போட்டாலும் நிரப்ப முடியாது.

மத்தியானத்தில் கோவா இலை துவண்டு தொங்கும், பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நார்நாராக இருக்கவேண்டிய வேர் இஞ்சிக் கிழங்குபோல முண்டும் முடிச்சுமாய் வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். அமிலமும் ஈரமும் சேர்ந்தால் இது வேகமாகப் பெருகும். கிருமி மண்ணிலேயே 15 ஆண்டுகளுக்கு மேலும் கிடக்கும். மம்பட்டியிலும் சப்பாத்திலும் ஒட்டிய மண்ணோடும், இரவல் நாற்றோடும் அடுத்த பாத்திக்குப் போய்விடும். நோய்பட்ட செடியைக் கூட்டெருக் குழியில் போடவே வேண்டாம், எரித்துவிடுங்கள். நோக்கோல், ராபு, கடுகு எல்லாம் கோவாவின் குடும்பமே. அந்த இடத்தில் போஞ்சி, கரட், லீக்ஸ் என்று மாற்றிப் போடுங்கள்.

அமிலத்தைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் போதும். நடுவதற்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன்பே தூவிக் கொத்திக் கலக்க வேண்டும், நடுகிற அன்று போட்டுப் பயனில்லை. சாணி உரத்தையும் அதே நாளில் கலக்காதீர்கள். அதிலுள்ள நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டு கிழமை கழித்து, நாற்றம் அடங்கி நன்றாக மக்கிய எருவாகப் போடுங்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் டொலமைட்டை அள்ளிப் போடக்கூடாது, கிழங்கில் சொறி விழும்.

பாத்தியை எப்போதும் சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள். மேலிருந்து கீழாக வெட்டினால் முதல் பெருமழையிலேயே மேல்மண் கானுக்குள் போய்விடும். பனி கொட்டும் இரவுகளில் நாற்றுமேடைக்கு மேல் கம்பு நட்டுச் சாக்கு விரித்தால் போதும்.

டொலமைட் எவ்வளவு என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் போடாதீர்கள். தோட்டத்தில் நாலைந்து இடத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, கமநல சேவை நிலையத்தில் இருக்கும் போதனாசிரியரிடம் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கேளுங்கள். பிஎச் தெரிந்த பிறகு டொலமைட் வாங்கலாம்.