தண்ணீரால் கட்டிய மதில்: போடியம் கோட்டை

1215-இல் ராசெஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த இங்கிலாந்து மன்னர் ஜான், சாப்பாட்டுக்கு உதவாத கொழுத்த பன்றிகள் நாற்பதை உடனே அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவருடைய ஆட்கள் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்திருந்தார்கள். பன்றிக் கொழுப்பு வைத்துத் தூண்களைக் கொளுத்தியதும் முட்டு எரிந்தது. அந்த மூலையே சரிந்து விழுந்தது.

சுற்றிலும் தண்ணீர் நின்றால் இந்த வேலை நடக்காது. தோண்டத் தோண்ட சுரங்கத்துக்குள் நீர் புகுந்துவிடும். சக்கரம் வைத்து உருட்டிவரும் மரக்கோபுரமும் கரையிலேயே நிற்கவேண்டியதுதான். ஏணி சாத்தலாம் என்றால் அதை ஊன்ற இடம் கிடையாது. ஆக, அகழிக்கு ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம்.

தென்கிழக்கு இங்கிலாந்தில், ராதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் போடியம் இதற்கு அருமையான உதாரணம். பிரெஞ்சுக்காரர்கள் 1377-இல் பக்கத்து ரை துறைமுகத்தைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். பிரான்சுப் போர்களில் பணம் சேர்த்துத் திரும்பிய சர் எட்வர்ட் டாலிங்ரிக், 1385-இல் இரண்டாம் ரிச்சர்டிடம் அனுமதி வாங்கி இதைக் கட்டினார். பழைய கோட்டைகளைப்போல நடுவில் தனிப் பெருங்கோபுரம் இல்லை. சதுர முற்றம், அதைச் சுற்றி மதிலை ஒட்டியே அறைகள், நான்கு மூலையிலும் வட்டக் கோபுரங்கள், அவ்வளவுதான்.

வாசலுக்குப் போகும் வழியில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இன்றைய பாலம் வடக்கு வாசலுக்கு நேராகப் போகிறது. அன்றைய மரப்பாலமோ மேற்குக் கரையில் தொடங்கி, அகழிக்குள் இருந்த எண்கோணத் திட்டில் முடிந்தது. அங்கே வலப்பக்கம் திரும்பித்தான் கோட்டையை நோக்கி நடக்கவேண்டும். கேடயம் இடக்கையில் இருக்கும், கோட்டையோ வலப்பக்கம்! பாலத்தைக் கடக்கும்வரை மறைப்பில்லாத உடலை வில்லாளிகளுக்குக் காட்டியபடியே வரவேண்டும். அதைத் தாண்டினாலும், மேலிருந்து இறங்கும் இரும்புத் தகடு போர்த்திய மரக்கதவு காத்திருக்கும். அந்தக் கதவு இன்னும் அங்கே இருப்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு, பின்னாளில் இந்தக் கோட்டையை வாங்கிப் பழுதுபார்த்தார். அப்போது அகழியை வடித்துப் பார்த்தால், சராசரி ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர்தான்! போதாததற்கு, தண்ணீரை ஒரு பக்கம் மண்கரைதான் தாங்குகிறது. எதிரி அதை வெட்டிவிட்டால் அகழி வடிந்துவிடும். அதனால், இது போருக்கல்ல, அந்தஸ்தைக் காட்டக் கட்டியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இரண்டுக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பகட்டுக்கு மட்டும் என்றால், பாலத்தை இப்படி வளைத்து, வாசல் கோபுரத்தில் பீரங்கித் துளைகள் வரை வைத்திருக்கத் தேவையில்லை.