பேஸ் லைன்: சொல்லும் பொருளும்

ஒரு பாட்டின் அடியில், தாழ்ந்த சுரங்களில், தாளத்தோடு ஒட்டி ஓடும் தனி இசைக்குப் பேஸ் லைன் என்று பெயர். மேலே பாடகரின் மெட்டு போய்க்கொண்டிருக்கும். நடுவே கிட்டாரோ கீபோர்டோ கார்டுகளை, அதாவது மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளை, வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் கீழே, ஒரு நேரத்தில் ஒரே சுரமாக நகர்ந்துகொண்டிருப்பது பேஸ் லைன். பெரும்பாலும் அதைப் பேஸ் கிட்டாரில் வாசிக்கிறார்கள்; நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸிலோ கீபோர்டின் இடக்கைப் பக்கத்திலோ வாசித்தாலும் பெயர் அதுவேதான்.

தமிழர் வாயில் ‘பேஸ்’ புதிய சொல் அல்ல. டேப் ரெக்கார்டரில் பேஸ், டிரெபிள் என்று இரண்டு குமிழ்கள் இருந்தன. தேவாலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரிந்து பாடுகிறார்கள். ஹார்மோனியம் விற்பவர்கள் பேஸ் ரீடு பற்றிப் பேசுவார்கள். ஆனால் இந்த மூன்றிலும் ‘பேஸ்’ என்றால் தாழ்ந்த ஒலி என்பதற்கு மேல் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தாழ்ந்து ஒலிப்பது அதன் இடம்; அதன் வேலை வேறு.

முதலில் உச்சரிப்பு. சிலர் எழுத்தைப் பார்த்து ‘பாஸ் கிட்டார்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டலில் ‘பாஸ்’ என்று ஒலிப்பது ஒரு மீன். இசைக்குரியது ‘பேஸ்’. காரணம் பழையது. பிற்கால இலத்தீனில் ‘பாஸுஸ்’ என்றால் குட்டையானது, தாழ்ந்தது. அதிலிருந்து வந்த சொல்லை ஆங்கிலேயர் ஒரு காலத்தில், அடித்தளத்தைக் குறிக்கும் ‘பேஸ்’ என்ற சொல்லைப் போலவே எழுதினார்கள். பிறகு இத்தாலிய இசையின் செல்வாக்கில், ‘பாஸோ’ என்ற சொல்லைப் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டார்கள், நாக்கு மாறவில்லை. அடித்தளத்தைக் குறிக்கும் சொல்லுக்கோ மூலம் வேறு: ‘பாஸிஸ்’ என்ற கிரேக்கச் சொல். அடியெடுத்து வைத்தல், பீடம் இரண்டும் அதன் பொருள்கள். பிறப்பில் உறவில்லாத இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கின்றன. பேஸ் லைன் செய்யும் வேலையைப் பார்த்தால், இலத்தீனை விட இந்தக் கிரேக்கம்தான் அதற்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வேலை என்ன? 1600-ஐ ஒட்டி இத்தாலியில் ‘பாஸோ கான்டினுவோ’ என்ற முறை வந்தது. கீபோர்டு வாசிப்பவருக்கு முழு இசையையும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். பேஸ் லைனும் அதன்மேல் சில எண்களும் மட்டும் இருக்கும். மேலே வர வேண்டிய கார்டுகளை அதை வைத்து அவரே வாசித்துக்கொள்வார். அடி தெரிந்தால் மேற்கட்டு தெரிந்துவிடும் என்பது கணக்கு. இன்றும் கணக்கு அதுவே. ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் கிட்டார் கீழே ‘ச’ வாசித்தால் அது மேஜர் கார்டு, மலர்ந்த ஒலி. மேலே ஒரு விரலையும் நகர்த்தாமல் கீழே மட்டும் ‘த’வுக்கு மாறினால், அதே மூன்று சுரங்கள் த-வை அடியாகக் கொண்ட மைனர் கார்டின், அதாவது சோகச் சாயல் கொண்ட கூட்டின், பகுதியாகிவிடும். பாட்டின் முகமே வாடிவிடும். கார்டுக்குப் பெயர் சூட்டுகிற அதிகாரம் கீழே இருப்பவர் கையில் இருக்கிறது.

‘ஆஸ்டினாட்டோ’ என்று இன்னொரு இத்தாலியச் சொல்லும் உண்டு. பிடிவாதம் என்று பொருள். ஒரு சிறு அடி விடாமல் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்தப் பெயர். ஜெர்மானியரான யோஹான் பாகெல்பெல் (1653–1706) எழுதிய புகழ்பெற்ற டி மேஜர் கேனனில் (ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வாசிக்கும் வடிவம் கேனன்), எட்டே சுரங்கள் 28 முறை திரும்பி வருகின்றன. ‘டி’யைச் சட்ஜமாகக் கொண்டால்: ச ப த க ம ச ம ப. மேலே வயலின்கள் எங்கெங்கோ சுற்றிவர, கீழே இது மட்டும் மாறுவதில்லை. பேஸ் லைனை எளிமையாக அமைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம்.

பேஸ் கிட்டாரின் கதை மிகவும் பிந்தியது. லியோ ஃபெண்டர் 1951-இல் கலிபோர்னியாவில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின்சாரப் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. பரவலாக நிலைத்தது இது. விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகள் இருப்பதால் சுரம் பிசகாது என்பதுதான் பெயரின் பொருள். தந்திகள் நான்கு: இ, ஏ, டி, ஜி. சாதாரணக் கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளின் அதே பெயர்கள், ஒரு ஸ்தாயி கீழே. வெறுமனே மீட்டிய ‘இ’ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது.

இனி தமிழ்ச் சொல். நம் இசை மரபில் தாழ்ந்த இடத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலைகளைப் பழந்தமிழ் இசை வகுத்திருக்கிறது. வடமொழி வழியில் மந்தரம், மத்திமம், தாரம். பேஸ் என்பதற்கு நேரான தூய தமிழ் ‘மெலிவு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இன்று மெலிவு என்றால் இளைப்பும் நலிவும்தான் நினைவுக்கு வருகின்றன. கிட்டார் குடும்பத்திலேயே தடித்த தந்தியின் ஒலியை ‘மெலிவு’ என்று சொன்னால் வாசிப்பவரே ஒப்புக்கொள்ள மாட்டார். ‘மந்தரம்’ பிழையில்லை; குரலின் வீச்சைச் சொல்ல இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது இடத்தை மட்டும் சொல்லும். வீணையில் மந்தர ஸ்தாயியில் ஆலாபனை செய்தால் அது பேஸ் லைன் ஆகிவிடாது.

‘ஆதார சுருதி’ என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. இது தவறு, சற்று அழுத்திச் சொல்ல வேண்டிய தவறு. ஆதார சுருதி கச்சேரி முழுக்க அசையாது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற ஏச்சு அப்படித்தான் பிறந்தது. பேஸ் வாசிப்பவர் ஒத்து ஊதுபவர் அல்ல. கார்டு மாறும்போதெல்லாம் அவருடைய அடிச்சுரமும் மாறுகிறது. ஒரு கார்டு எந்தச் சுரத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறதோ அதை ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்கிறார்கள். ‘மூலச் சுரம்’ என்றால் போதும். கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக நகரும் ஏற்பாடு கர்நாடக இசையில் இல்லை. அதனால் அந்த நகர்வைத் தாங்கும் அடிக்கும் அங்கே ஆயத்தமான பெயர் இல்லை.

நான் ‘அடியிசை’ என்ற சொல்லையே சிபாரிசு செய்வேன். ‘அடி’ என்றால் கீழ்ப்பகுதி; காலடி; செய்யுளின் வரியும் அடிதான். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ஒலியால் மோதிக்கொண்ட இடத்தில், தமிழில் ஒரே சொல் எல்லாப் பொருளையும் தாங்குகிறது. ‘லைன்’ என்பதற்குத் தனியாக ‘வரி’ சேர்க்கத் தேவையில்லை. சேர்த்தால் பாடல் வரி என்று நினைத்துக்கொள்வார்கள். வாத்தியத்தின் பெயரை மட்டும் விட்டுவிடலாம். வயலின், ஹார்மோனியம் போலப் பேஸ் கிட்டாரும் பேஸ் கிட்டாராகவே இருக்கட்டும்.

சொல்லின் பொருள் விரல் வழியாகத்தான் முழுதாக விளங்கும். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டுகள் ஒவ்வொன்றும் நான்கு அட்சரம் வருவதாக வைத்துக்கொள்வோம். ‘சி’யைச் சட்ஜமாகக் கொண்டால் மூலச் சுரங்கள் ச, த, ம, ப. ஒவ்வொரு கார்டு தொடங்கும்போதும் அதன் மூலச் சுரத்தை முதல் அட்சரத்தில் தவறாமல் வாசித்தாலே அது அடியிசைதான். பலர் இதை அலட்சியம் செய்து அடுத்த படிக்கு ஓடிவிடுகிறார்கள். காலால் மிதித்து அடிக்கும் டிரம்மின் உதையோடு இம்மி பிசகாமல் சேர்ந்து விழும் ஒற்றைச் சுரம், பிசகி விழும் பத்துச் சுரங்களை விட மேல்.

அது கைக்கு வந்தபின் இரண்டு சுரங்களைச் சேர்க்கலாம். ஒன்று, மூலத்திலிருந்து ஐந்தாவது: சட்ஜத்துக்குப் பஞ்சமம், பழந்தமிழில் குரலுக்கு இளி. மேஜரானாலும் மைனரானாலும் இது உறுத்தாது. மற்றொன்று, அடுத்த மூலச் சுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அண்டைச் சுரம். அதற்குரிய இடம் கடைசி அட்சரம். இப்படி:

ச ச ப நி | த த க ப | ம ம ச மி | ப ப ரி நி |

‘மி’ என்றது பிரதி மத்திமத்தை. மற்றச் சுரங்கள் சேர்ந்த சங்கராபரணத்தில் அதற்கு இடமில்லை என்று காது சுருங்கினால் சுருங்கட்டும்; அடுத்த அட்சரத்தில் பஞ்சமம் வந்ததும் சமாதானமாகிவிடும். கிட்டாரில் இதை முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்குள்ளேயே முடித்துவிடலாம். ‘ச’ என்பது ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட். அங்கிருந்து ஒரு தந்தி தடித்த பக்கம் போனால் அதே மூன்றாவது ஃபிரெட்டில் கீழ்ப் பஞ்சமம். ‘நி’ ஏ தந்தியின் இரண்டாவதில். அடுத்து வரும் ‘த’வுக்கு விரலே வேண்டாம், ஏ தந்தியை வெறுமனே மீட்டினால் போதும். அதன் ஐந்தாவதான ‘க’வும் வெறும் இ தந்தி. ‘ம’ இ தந்தியின் முதல் ஃபிரெட்டிலும் ‘மி’ இரண்டாவதிலும் இருப்பதால், மூன்றாவதில் இருக்கும் ‘ப’வுக்கு ஏறும் வழி விரலுக்கே தெரிந்துவிடும். ‘ரி’ வெறும் டி தந்தி.

சுரம் ஒலிக்கும் நேரத்தைப் போலவே நிற்கும் நேரமும் முக்கியம். வெறும் தந்தியை இடக்கையால் தொட்டு அடக்காவிட்டால் முந்தைய சுரம் அடுத்ததன்மேல் வழிந்து, கீழே எல்லாம் ஒரே முழக்கமாகிவிடும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். விரல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அவர் வாசித்ததைக் கேட்கலாம். நம் பக்கம் இளையராஜாவின் குழுவில் சசிதரனும், ஏ.ஆர்.ரகுமானின் ஒலிப்பதிவுகளில் கீத் பீட்டர்ஸும் வாசித்தவை இருக்கின்றன. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் அவை பாதி காணாமல் போய்விடும், ஹெட்போனில் கேளுங்கள்.

சேர்ந்து வரும் சொற்கள் இரண்டு. ‘வாக்கிங் பேஸ்’ ஜாஸ் இசைக்குரியது. அட்சரத்துக்கு ஒரு சுரமாக நிற்காமல் போவது. ‘நடை’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் திஸ்ர நடை, கண்ட நடை என்று அந்தச் சொல்லுக்குத் தாளத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ‘நடக்கும் அடியிசை’ என்றால் குழப்பமில்லை. ‘பேஸ் கிளெஃப்’ என்பது தாழ்ந்த சுரங்களை ஐந்து கோட்டில் எழுதும்போது முகப்பில் போடும் குறி. ஒரு எச்சரிக்கை: பேஸ் கிட்டாருக்கு எழுதுவது அது ஒலிப்பதை விட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது. இல்லையென்றால் பாதிச் சுரங்கள் ஐந்து கோட்டுக்கும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.